அடுப்பில்லாமல் ஏற்காடு

நம் தெருவில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இருக்கிற அந்த வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு யோசனை வந்தது. வருகிற மே மாதம் எல்லாக் குடும்பமும் சேர்ந்து ஏற்காடு போகலாம், ஏரிக்கரையில் ஒரு பங்களா பிடிக்கலாம், நாற்பது பேராவது தேறுவோம் என்று. அதுவரை சரி. அதற்குக் கீழே செகரட்டரி மாமாவின் சின்ன மகன் எழுதியிருந்தான்: “சின்ன வயசுல எல்லாரும் ஒத்துமையா ஏற்காடு போனோமே, ஏரிக்கரையில நம்ம அம்மாங்க எல்லாம் சேர்ந்து சமைச்சுப் போட்டாங்களே, அதே மாதிரி!” உங்களில் பாதிப் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தீர்கள்.

நான் போடவில்லை. நமக்கெல்லாம் நாற்பது வரப்போகிறது. தலைக்குச் சாயம் பூசுகிறோம், மாடிப்படி ஏறினால் முட்டி முனகுகிறது. இந்த வயதில் பழசெல்லாம் இனிப்பாகத்தான் தெரியும். தெரியட்டும். ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொன்னால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஏரிக்கரையில் யாரும் சமைக்கவில்லை. எல்லோரும் போகவும் இல்லை. அதை எழுதிய நீ, தம்பி, வரவே இல்லை. உன் மேல் கோபமில்லை. அப்போது உனக்கு ஒன்பது வயது. எனக்குப் பதின்மூன்று. நான் அங்கே இருந்தேன். அதனால் சொல்கிறேன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடை. செம்பாக்கம் ஏரி அந்த வருஷம் ஏரியாகவே இல்லை. நடுவில் ஒரு பச்சைக் குட்டை, சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த மண். அந்த வெடிப்பில் ஸ்டம்பு நட்டு நீங்கள் கிரிக்கெட் ஆடினீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி லாரி வரும். குடத்தில் பிடித்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனையும் பாசி வாசனையும் சேர்ந்து அடிக்கும். அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். காலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் சுற்றும்போது, அதில் ஒன்று மேகத்தைக் கட்டி இழுத்து வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட கோடையில்தான் செகரட்டரி மாமா சொன்னார், “மலைமேல ஒரு ஏரி. அதுல போட்டு சவாரி.” மலை உச்சியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பக்கமாக உருண்டு கீழே வந்துவிடாதா? அதைக் கண்ணால் பார்க்காமல் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

செகரட்டரி மாமா என்றால் நம் தெருச் சங்கத்தின் செகரட்டரி. பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு நலச் சங்கம். அதில் ஆண்கள் மட்டும்தான் உறுப்பினர்கள். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மாமா கெட்டவர் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் ஒரு வேலையை அவர் நடத்த வேண்டும், மற்றவர்கள் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம். சிமென்ட் தரை அந்த நேரத்திலும் காலைச் சுடும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் அப்பா உட்பட ஏழெட்டு ஆண்கள் உட்காருவார்கள். கீழே சமையலறையிலிருந்து செகரட்டரி ஆன்ட்டி, அதாவது மாமாவின் மனைவி, தட்டுத் தட்டாகப் போண்டா அனுப்புவார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நூறு பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து என்னைக் குறிப்பு எழுத வைத்தார்கள். தெருவிலேயே நான் மட்டும்தான் அந்த மாடிக்கு அழைக்கப்பட்ட பிள்ளை. அந்தப் பெருமையில் எனக்குத் தரை சுட்டதே தெரியவில்லை.

நான் எழுதியவை இன்னும் நினைவிருக்கின்றன. பெரிய அடுப்பு ஒன்று, சிலிண்டர் இரண்டு, அண்டா, இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை, தகர டின்னில் தோசை மாவு, தேங்காய் துருவி மூன்று. தங்குவது மாமாவின் ஆபீசுக்குத் தெரிந்த ஒரு கெஸ்ட் ஹவுஸ். காலையில் இட்லி அல்லது பொங்கல். பதினோரு மணிக்கு டீ. மதியம் சாப்பாடு. நாலு மணிக்கு பஜ்ஜி.

“பஜ்ஜி வேணுமா?” என்று அப்பா கேட்டார்.

“என்ன சார், அந்தக் குளிருக்கு பஜ்ஜி இல்லாம எப்படி?” என்றார் மாமா. “எழுதிக்கோம்மா. சமையல் பொறுப்பு, லேடீஸ்.”

எழுதினேன். சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டேன்.

என் அம்மா அப்போது தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதி தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அறுபது பேர் தைக்கிற வரிசையில் நாள் முழுக்க நின்றுகொண்டே நடக்க வேண்டும். சாயங்காலம் வீடு வந்ததும் காலை பக்கெட்டில் விட்டுக்கொள்ளக்கூட அந்த வருஷம் தண்ணீர் கிடையாது. ஒரு பெரிய ஆர்டர் முடிந்ததும் மே மாதத்தில் ஆறு நாள் லீவு தருவார்கள். வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்த லீவு அதுதான்.

நோட்டைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அடுத்த ஞாயிறு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மாடி ஏறி வந்து நின்றார். பேச்சு நின்றது. பெண்கள் யாரும் அங்கே வந்ததில்லை.

“சார், ஒரு சந்தேகம். காலையில டிபன், அப்புறம் டீ, அப்புறம் சாப்பாடு, நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி சப்பாத்தி. நடுவுல நாங்க ஏரியை எப்ப பாக்குறது?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். “மேடம், அதையும் விசாரிச்சுட்டேன். கிச்சன் ஜன்னல்லேர்ந்தே ஏரி நல்லா தெரியுமாம்.”

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். “நாலு பேர் முன்னாடி இப்படிக் கேக்கணுமா?”

“நாலு பேர் முன்னாடிதானே லிஸ்ட் போட்டீங்க.”

“இங்க பண்றதைத்தானே அங்க பண்ணப் போற. பெருசா என்ன வித்தியாசம்?”

“அதைத்தாங்க நானும் கேக்குறேன்” என்றார் அம்மா. “என்ன வித்தியாசம்?”

அப்பா ஒரு டயர் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். மென்மையான மனிதர். எனக்குக் கணக்கு சொல்லித் தருவதும் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவதும் அவர்தான். நான் அப்பா பிள்ளை. அந்தச் சண்டையில் அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. டூர் வரப்போகிறது, இந்த அம்மா அதைக் கெடுக்கிறாள். என் மனதில் ஓடியது அது மட்டும்தான்.

மறுநாள் லாரித் தண்ணீர் வரிசையில் அம்மா அதை எல்லோரிடமும் சொன்னார். “நான் சமைக்க வரல. ஊரு பாக்க வர்றேன்.” குடங்களுக்கு நடுவே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் ஆன்ட்டி முதலில் தலையாட்டினார். கடைசி வீட்டில் இருந்தாரே, கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்தவர், அவர்தான். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், செகரட்டரி ஆன்ட்டி பேசினார். அவர் குரலை அத்தனை பேர் நடுவில் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

“போன வருஷம் மகாபலிபுரம் போனோமே, அன்னைக்கு முழுக்கக் கடலுக்கு முதுகு காட்டிட்டு தோசை சுட்டேன். கடல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுச்சு.”

மீன்கார அக்கா அங்கே நின்றிருந்தார். கானத்தூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பள்ளிக்கரணை வழியாக ஷேர் ஆட்டோவில் கூடையோடு வருவாரே, அவர். அது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கருவாடு மட்டும் கொண்டு வந்திருந்தார்.

“இன்னாம்மா இது பேஜாரா கீது?” என்றார். “துட்டு குத்து மலைக்குப் போய் அங்கியும் சோறாக்கணுமா? அதுக்கு வூட்லயே குந்திகினு இருக்கலாமே.”

குடம் நிரம்புவதற்குள் முடிவாகிவிட்டது. அடுப்பு வராது. வெளியில் சாப்பிடலாம், அல்லது அங்கே சமைக்கிற ஆளை வைக்கலாம். கடைசி ஞாயிறு வரை சொல்லாமல் இருந்து, அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து மாடிக்குப் போய்ச் சொல்வது. முன்னாலேயே தெரிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக மிரட்டி உடைத்துவிடுவார்கள் என்றார் டீச்சர் ஆன்ட்டி.

நான் குடத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன். அப்பா பேசி அம்மாவைச் சரிக்கட்டிவிடுவார், டூர் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்பா அம்மாவிடம் பேசவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு செகரட்டரி மாமா வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாளில் மாமா என்னைக் கூப்பிட்டார். பிள்ளையார் கோயில் சுவரை ஒட்டி சங்கத்தின் கரும்பலகை இருக்குமே, அங்கே. கையில் சாக்பீஸைக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

“மகளிரின் ஒத்துழைப்பு இல்லாத காரணத்தால் ஏற்காடு சுற்றுலா ரத்து செய்யப்படுகிறது. குழந்தைகள் மன்னிக்கவும்.”

குழந்தைகள் மன்னிக்கவும். அதை அவர் யோசித்துத்தான் போட்டார் என்று இன்றைக்குத் தெரிகிறது. கெஸ்ட் ஹவுஸும் போயிற்று, பேசி வைத்திருந்த தனி பஸ்ஸும் போயிற்று. நீங்கள் எல்லோரும் பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாக்களிடம் கத்தினீர்கள். ஒருத்தன் மூன்று நாள் சாப்பிடவில்லை. ஒருத்தி தன் அம்மாவைப் பார்த்து, “உன்னாலதான்” என்று தெருவில் நின்று சொன்னாள். மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்காது. அந்த வாக்கியத்தை அழகான எழுத்தில், ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியது நான்.

அம்மா கம்பெனியிலிருந்து திரும்பும் வழியில் அதைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? வீட்டுக்கு வருவார், அடிப்பார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். வரவில்லை. எட்டிப் பார்த்தபோது பலகை முன்னால் குனிந்து சாக்பீஸ் துண்டு தேடிக்கொண்டிருந்தார். அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். எழுத்து கோணல் மாணலாக இருக்கும். நான் எழுதியதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே பெரிதாக எழுதினார்:

“டூர் உன்டு. அதே நாள். காலை 5 மணி தாம்பரம் பஸ் ஸ்டான்டு. அடுப்பு வராது. ஆம்பளைங்களும் வரலாம்.”

இரண்டு இடத்தில் மூன்று சுழி ‘ண’ போட வேண்டியது. அன்றைக்கு என் கை அதைத் திருத்தத் துடித்தது. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தத் தெருவில் எழுதப்பட்டதிலேயே பிழையில்லாத வாக்கியம் அதுதான்.

அடுத்த பத்து நாள் தெரு கொதித்தது. டீச்சர் ஆன்ட்டியின் அக்கா ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ. அவருக்கு போன் போட்டு, கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த ஹாஸ்டலில் இடம் கேட்டார்கள். கிடைத்தது. முதலில் ஒன்பது வீட்டுப் பெண்கள் வருவதாகச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒரு வீட்டில் மாமியாருக்கு நெஞ்சு வலி. ஒரு வீட்டில் பெண்ணைப் பார்க்க யாரோ வருகிறார்கள். ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் சாத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

செகரட்டரி மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். “மேடம், பொம்பளைங்க தனியா, கூட குழந்தைங்க, மலைப்பாதை. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்” என்றார் அம்மா. “கம்பெனியில அறுபது மெஷினுக்கு நான்தான் பதில் சொல்லிட்டிருக்கேன்.”

அப்பா அவரை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. “இதோ பாரு. நீ இப்படிக் கிளம்பிப் போனேன்னா, திரும்பி இந்த வீட்டுக்கு…”

நிறுத்திவிட்டார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

“முடிங்க. நீங்க முடிச்சாதான் நான் பதில் சொல்ல முடியும்.”

அப்பா முடிக்கவில்லை. நானும் என் கூடப்பிறந்த தம்பியும் கதவோரம் நின்றோம். மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றியது. அம்மா சட்டையை எடுத்து மீண்டும் மடிக்க ஆரம்பித்தார். அது அப்பாவின் சட்டை.

கிளம்பிய நாள், விடிவதற்கு முன், தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். டீசல் புகை, பூக்காரியின் ஈரச் சாக்கு, சூடான பால் வாசனை. அம்மா, டீச்சர் ஆன்ட்டி, நடு வீட்டு அக்கா தங்கை இரண்டு பேர், கூடப் பிள்ளைகள் நாங்கள். கொஞ்ச நேரத்தில் மீன்கார அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். தலைக்கு எண்ணெய் வைத்து, பட்டுப் புடவை கட்டி.

“இன்னா அப்டி பாக்குறீங்க? போர்டுல எல்லாரும் வரலாம்னு கீதுன்னு என் பொண்ணு படிச்சிச்சு. வந்துட்டேன்.”

போர்டில் அப்படி இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. நடு வீட்டு அக்கா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்தப் பயணம் முழுவதும் தள்ளியே நின்றார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்திலும் எல்லாம் சுத்தமாக இல்லை.

கடைசியில், பஸ் எஞ்சினைப் போட்ட பிறகு, செகரட்டரி ஆன்ட்டி வந்தார். தனியாக. தோளில் ஒரு கைப்பை மட்டும்.

“பசங்க எங்க?” என்றார் அம்மா.

“அனுப்ப மாட்டேன்னுட்டாரு. போறதுன்னா நீ மட்டும் தனியா போன்னாரு.” படியில் ஏறிக்கொண்டே சொன்னார். “நான் போக மாட்டேன்னு நெனச்சு சொன்னாரு.”

தம்பி, அன்று காலை நீயும் உன் அண்ணனும் எழுந்தபோது அம்மா இல்லை. அழுதிருப்பீர்கள். அதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் உங்களை அந்த பஸ்ஸில் ஏறவிடாதது உங்கள் அம்மா இல்லை. அதை நீ ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

திண்டிவனத்தில் பஸ் நின்றது. ஓட்டலில் உட்கார்ந்தோம். செகரட்டரி ஆன்ட்டி பூரி கேட்டார். வந்ததும் யாருக்கும் எடுத்து வைக்காமல், யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்காமல், உப்பியிருந்த பூரியை விரலால் குத்தி, ஆவி வர வரச் சாப்பிட்டார். ஒரு பெரிய மனுஷி முதல் ஆளாகச் சாப்பிடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் இன்னொரு செட் சொன்னபோது நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்தோம்.

சேலத்தில் வேறு பஸ் மாறி மலை ஏறினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மீன்கார அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். “யம்மா, கடல்ல கூட இப்டி ஆடாதுன்னு எம் புருசன் சொல்லுவான். என் பட்டுப் பொடவ போச்சே.” ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் தலையைத் தூக்கிக் கீழே பார்த்துவிட்டு, “அய்ய, சேலம் அம்மாம் சின்னதா கீது” என்று எங்களுக்கும் காட்டினார்.

ஹாஸ்டல் ஒரு நீளமான ஹால். இரும்புக் கட்டில்கள், பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்ற தரை, எங்கிருந்தோ மிளகு ரசத்தின் வாசனை. டீச்சர் ஆன்ட்டியின் அக்கா சிரித்துக்கொண்டே வரவேற்றார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். “ஒண்ணே ஒண்ணு, தப்பா நினைக்காதீங்க. கிச்சனுக்குள்ள மட்டும் வெளியாள் யாரும் வரக் கூடாது. இங்க அது ரூல்.”

அப்புறம் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். டீச்சர் ஆன்ட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவம், அந்த சிஸ்டர், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் ஏரி. தண்ணீர் உருண்டு கீழே போகவில்லை. சுற்றிலும் மேடு, நடுவில் தட்டையாக, பச்சையாக, அடங்கிக் கிடந்தது. எனக்கு முதலில் ஏமாற்றம்தான். நம் ஏரி நிரம்பினால் இதைவிடப் பெரிது என்று தோன்றியது. பிறகு கையை விட்டேன். அந்தக் குளிர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. லாரித் தண்ணீரில் நான்கு மாதம் குளித்தவளுக்கு அது போதும்.

செகரட்டரி ஆன்ட்டி படகில் ஏறவில்லை. கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து மணிக்குப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தார். மதியம் பார்த்தேன், அதே இடம். சாயங்காலம் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தோடு போய்க் கேட்டேன், “ஆன்ட்டி, கால் வலிக்குதா?”

“இல்லம்மா.”

“பின்ன ஏன் ஒண்ணும் பண்ணாம இருக்கீங்க?”

“அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்” என்றார்.

துடுப்புப் படகில் நான், அம்மா, மீன்கார அக்கா மூன்று பேரும் ஏறினோம். மீன்கார அக்காவுக்குத்தான் படகு தெரியும் என்று நான் துடுப்பை அவரிடம் கொடுத்தேன். அவர் என்னை முறைத்தார்.

“எனக்கு இன்னா தெரியும்? எங்க குப்பத்துல பொம்பள கட்டுமரத்துல கால் வெக்கக் கூடாதும்பாங்க. பொறந்ததுலேர்ந்து மீன் விக்கிறேன், இன்னிக்குத்தான் போட்டுல குந்துறேன்.” சொல்லிக்கொண்டே துடுப்பை வாங்கித் தண்ணீரில் ஓங்கி அடித்தார். படகு போகவில்லை, சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கரையில் நின்றவர்கள் கத்தி வழி சொன்னார்கள். “அய்ய, நீ சும்மா இரு” என்று அவர்களுக்கும் பதில் கொடுத்தபடி அவர் பாட்டுக்குச் சுற்றினார்.

அந்தச் சுற்றலில் எனக்கு அழுகை வந்தது. “அம்மா, நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்.”

“தெரியும்.”

“போர்டுலயும் நான்தான்…”

“தெரியும்டி. கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உக்காரு. போட்டு சாயுது.”

நகர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி அம்மா அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இடம் கொடுத்தார்.

நான்கு நாளும் தேனாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். டீச்சர் ஆன்ட்டியின் மகனுக்குக் காய்ச்சல். ஒரு குரங்கு என் தம்பியின் தொப்பியைக் கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் மழையில் மாட்டி, யாருடைய தவறு என்று அம்மாவும் டீச்சர் ஆன்ட்டியும் நடுரோட்டில் சண்டை போட்டார்கள். நடு வீட்டுத் தங்கை, “வீட்டுல அவரு என்ன சொல்லப் போறாரோ” என்று தினமும் ஒரு முறை அழுதார். இருந்தும் யாரும் ஒரு நாள் முன்னால் திரும்பலாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது செகரட்டரி மாமா வீட்டு கேட் பூட்டியிருந்தது. ஆன்ட்டி இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் நீ, தம்பி, காம்பவுண்டு சுவரேறிக் குதித்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாய். அன்று சாயங்காலம் கேட் திறந்தது. அதன் பிறகு நடந்ததை உன் அம்மாவிடம் நீயே கேள். போன மாதம்கூட என்னோடு போனில் பேசினார். எழுதப் போகிறேன் என்றேன். “எழுதும்மா, என்ன இப்ப” என்றார்.

சங்கம் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியது. அந்த வருஷம் அவர்கள் செய்த ஒரே வேலை அது. அப்பா அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் அம்மா அவருக்குச் சோறு போட்டார், சட்டை மடித்தார், கம்பெனிக்குப் போனார். ஒரு நாள்கூடத் தன் பக்கம் தப்பு என்று சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அப்பா உப்பு கேட்டார், அம்மா எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து, அப்பா ரிடையர் ஆன பிறகு, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார், “அந்த ஏரி பெருசா? நம்ம ஏரி அளவு இருக்குமா?”

“போய்ப் பாருங்க” என்றார் அம்மா.

அப்பா போகவில்லை. போன வருஷம் இறந்தும் போனார். நான் இதைச் சொன்னால் உங்களில் சிலர், பாவம் அங்கிள், அந்தக் கால மனுஷன், அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள் என்பீர்கள். அப்பாவை உங்களைவிட எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ‘பாவம்’ என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் ஏற்காடு கிளம்பிய அன்று காலை அந்த பஸ்ஸில் அம்மாவின் பக்கத்து சீட்டில் நான் உட்காரப் போனேன், அவர் விடவில்லை. தன் பையை அதில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கேட்டதற்கு, “ஆள் வருது” என்றார். பஸ் கிளம்பியது. பெருங்களத்தூரில் நின்றபோதும் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார். வண்டலூர் தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நின்றுகொண்டு வந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, “உக்காருங்க, இடம் இருக்கு” என்றார்.